எறால் கழுவின தண்ணியும் அஞ்சு உயிரும்



நம்ம கீழத்தஞ்சைப் பக்கம் எறால் பண்ணையைப் பத்திப் பேசாத வீடு கிடையாது. ஆனா பண்ணையில பிடிச்ச எறால் அப்புறம் எங்க போகுது, அங்க வேலை செய்யறவங்க கதி என்னன்னு பேசுறவங்க கம்மி. அதனால இன்னைக்கு ஆந்திராவுல கோதாவரி டெல்டாவுல நடந்ததை எழுதுறேன். அதுவும் நம்மளை மாதிரியே நெல்லு விளையிற மண்ணு, கடைமடை.

2009-ல வன்னாமி எறாலை வளர்க்க மத்திய அரசு அனுமதி கொடுத்துச்சு. அதுக்கப்புறம் மேற்கு கோதாவரி மாவட்டத்துல பீமவரம் சுத்துவட்டாரத்துல வயலெல்லாம் குளமா மாறிச்சு. குளம் பெருகினா பதப்படுத்துற ஆலையும் வரணும் இல்லையா? எறாலைத் தலை கிள்ளி, ஓடு உரிச்சு, கழுவி, உறைய வச்சு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்துறதுதான் அங்க வேலை. அப்படி வந்ததுதான் பீமவரம் பக்கத்துல துந்துர்ரு கிராமத்துல கட்டின பெரிய அக்வா உணவுப் பூங்கா.

ஊர் ஜனங்களோட பயம் முழுக்க கொந்தேரு வடிகாலைப் பத்திதான். அந்த வடிகால் அவங்க ஊர் வழியா ஓடிக் கடல்ல விழுது. எறால் கழுவின தண்ணியில ரத்தம், சதை, ஓட்டுத் துணுக்கு எல்லாம் இருக்கும். அதைச் சரியா சுத்தம் பண்ணாம வடிகால்ல விட்டா அது அழுகும். அழுகும்போது தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் தின்னுடும். மீன் மூச்சுக்கு மேல வந்து வாயைத் திறந்து திறந்து செத்துப்போகும். அந்த வடிகாலை நம்பி மீன் பிடிக்கிறவன் பொழப்பும் போகும், பக்கத்து வயக்காரன் பாடும் திண்டாட்டம்தான்.

ஆலையைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோங்கன்னு அவங்க கேட்டாங்க. அரசாங்கம் வேலை வரும், கழிவுக்குப் பயப்பட வேண்டாம், கடல் வரைக்கும் குழாய் போடுறோம்னு சொல்லுச்சு. எனக்குத் தோணுற கேள்வி இதுதான்: சுத்தம் பண்ணின தண்ணின்னா அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் குழாய்?

2016-ல போராட்டம் பெருசாச்சு. துந்துர்ரு, ஜொன்னலகருவு, கம்சாலி பேத்தபூடின்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல 144 தடை போட்டாங்க. ஊருக்குள்ள போலீஸ் முகாம். முன்னால நின்னவங்கள்ல நிறைய பேர் பொம்பளைங்க. அவங்க மேலயும் கேஸு, கைது. அந்த அக்டோபர்ல அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஜெகன் அந்த ஊருக்கே போனார். நடிகர் பவன் கல்யாணும் ஊர்க்காரங்களைச் சந்திச்சுப் பேசினார். ஆனா கட்டட வேலை நிக்கல.

இது நடந்து ஆறு மாசம்கூட ஆகல. அதே மாவட்டத்துல மொகல்தூரு, நடிகர் சிரஞ்சீவி பிறந்த ஊரு. அதுக்குப் பக்கத்துல நல்லம்வாரிபாலெத்துல ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்த ஒரு அக்வா ஆலை. 2017 மார்ச் 30-ந் தேதி அங்க கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ணப்போய் அஞ்சு தொழிலாளிங்க விஷவாயு தாக்கிச் செத்தாங்க. எல்லாம் வாலிபப் பசங்க. சேதி பரவினதும் ஜனங்க கொதிச்சுப்போய் ஆலை முன்னால கூடிட்டாங்க. சட்டசபையிலயும் பெரிய ரகளை ஆச்சு.

இந்த மாதிரி தொட்டியில என்ன நடக்கும்னு நமக்குப் புரியாததில்லை. காத்து போகாத இடத்துல சதைக் கழிவு தேங்கினா அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற வாயு கிளம்பும். ஹைட்ரஜன் சல்ஃபைடுன்னு பேரு. காத்தை விடக் கனம், அடியிலயே தங்கிடும். அளவு கூடினா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது. ஒருத்தன் விழுவான், அவனைத் தூக்க இன்னொருத்தன் இறங்குவான், அவனும் விழுவான். நம்ம ஊர்ல பழைய கிணத்துல இறங்கும்போது விளக்கை விட்டுப் பாப்பாங்களே, அந்த விளக்குக்குக்கூட இந்த வாயு சரியா அகப்படாது.

அப்ப இதுக்குச் சட்டம் இல்லாம இல்ல. அப்ப நடைமுறையில இருந்தது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், அதுல 36-வது பிரிவு. உள்ள வாயு இல்லைன்னு தகுதியானவர் சோதிச்சு எழுதிக் கொடுக்கணும்னு அதுல இருந்துச்சு. இல்லாட்டி இறங்குறவனுக்கு மூச்சுக் கருவி வேணும், இடுப்புல கயிறு கட்டணும், கயித்தோட மறுமுனையை வெளியில ஒருத்தன் பிடிச்சிருக்கணும்னு இருந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்கின மறுவருஷமே எழுதி வச்சது இது.

துந்துர்ருல "ஊர்க்காரங்க வேலைவாய்ப்பைக் கெடுக்குறாங்க"ன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. ஆனா பாருங்க, ஊர்க்காரன் வடிகால்ல எது வரும்னு பயந்தானோ அதேதான் தொட்டிக்குள்ள அந்தப் பசங்களைக் கொன்னது. கழிவைச் சுத்தம் பண்ண காசு செலவழிக்காத முதலாளி, தொட்டியில இறங்குறவனுக்கு மூச்சுக் கருவி வாங்கித் தருவானா? ரெண்டும் ஒரே கணக்குலதான் மிச்சம் பிடிக்கப்படுது. விஷம் முதல்ல சேர்றது வேலைக்காரன்கிட்ட, அப்புறம்தான் வடிகாலுக்கும் வயலுக்கும்.

இதை ஒண்ணாப் பாத்த தீர்ப்பு ஒண்ணு நம்ம மண்ணுல இருந்து போனதுதான். நாகப்பட்டினம் பக்கம் எறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்கு. 1996 டிசம்பர் 11-ல உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில இருக்கிற எறால் பண்ணைகளை அகற்றச் சொல்லுச்சு. பாதிக்கப்பட்ட ஜனங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதோட, வேலை இழக்குற தொழிலாளிக்குச் சட்டப்படி வர்றதுக்கு மேல ஆறு வருஷக் கூலியையும் கொடுக்கணும்னு சொல்லுச்சு. மண்ணு கெட்டவனையும் வேலை போனவனையும் ஒரே தீர்ப்புல வச்சுப் பாத்தாங்க. 2005-ல வேற சட்டம் கொண்டுவந்து பண்ணைகளைக் காப்பாத்திட்டாங்க, அது தனிக் கதை.

நாளைக்கு உங்க ஊர்ப் பக்கம் இப்படி ஒரு ஆலை வர்றதா பேச்சு வந்தா, கிராம சபையில ரெண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்க. கழுவின தண்ணி எந்த வாய்க்கால்ல விழும்? அந்தத் தொட்டியை யார், எதைப் போட்டுக்கிட்டு, எப்படிச் சுத்தம் பண்ணுவாங்க? பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுதச் சொல்லுங்க. ஆலைக்குள்ள வேலைக்குப் போகப்போறதும் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான்.