கிட்டப்பா, செங்கோட்டை (1906–1933)

தமிழ் நாடக மேடையின் சங்கீத நடிகர். பால்யத்திலேயே வெளிப்பட்ட மேதைமைக்கு உதாரணமாகக் கருதத்தக்கவர். குற்றாலத்துக்கு அண்மையில், தென்காசியை அடுத்து, அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்த இவர், குடும்பத்தின் வறுமையால் பள்ளிக் கல்வியை முறையாகப் பெறாதபோதிலும், சகோதரர்களுடன் சிறு பிராயத்திலேயே நாடகத்துள் புகுந்து, கேள்வி ஞானத்தையே முதலாகக் கொண்டு கர்நாடக சங்கீதத்தின் நுட்பங்களைக் கைவசப்படுத்தினார்.

குழந்தையின் அபூர்வ சக்தியை இனங்காண்பதற்கு அந்நாளில் விசேஷப் பரீட்சையோ பாடசாலையோ இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோரின் பயிற்சியில் வளர்ந்த பாலர் நாடக சபைகளே, உணவும் உறைவிடமும் அளித்து, பாட்டு, வசனம், நடிப்பு மூன்றையும் கண்டிப்புடன் புகட்டி அப்பணியை ஆற்றின. ஆயினும், ஆதரவுக்கும் ஆதாயத்துக்கும் இடையே அவ்வுலகம் தெளிவான வரம்பு கட்டியதில்லை என்பதைச் சொல்லாதொழிவது நியாயமன்று: கூட்டத்தைத் திரட்டும் இளங்குரல், விடியுமட்டும் நடந்த நாடகங்களில் ஓயாது உழைக்க வேண்டியிருந்தது.

கன்னையா நாடகக் கம்பெனியில் பெரும்புகழ் எய்தி, ஒலிபெருக்கியின் துணையின்றி உச்ச ஸ்தாயியில் பாடிச் சபையை வசீகரித்த கிட்டப்பா, இலங்கையில் உடன் நடித்த கே. பி. சுந்தராம்பாளை, அவரும் இளமையிலேயே மேடையேறிய பாடகியே, பின்னர் மணந்து, 1933 டிசம்பர் 2-இல், 27 வயதில் காலமானார்.