பெட்டியில் பூட்டிய காப்பி

இத்தாலியக் காப்பிப் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் தாய் எஸ்பிரஸோ. பொடிக்குள் வெந்நீரை அழுத்தி இறக்கிய கெட்டிச் சாறு. அதில் பால் சிறிது பட்டால் மக்கியாத்தோ. 'கறைபட்டது' என்று பொருள். பாலும் நுரையும் சேர்ந்து கப்புச்சின் துறவிகளின் அங்கி நிறம் வந்தால் கப்புச்சினோ. பால் மிஞ்சினால் லாத்தே.

இந்த வித்தைக்கு முதலில் இயந்திரம் செய்தவர் டூரின் நகரத்து ஹோட்டல்காரர் ஆஞ்செலோ மோரியோண்டோ. 1884-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் அது பதக்கமும் பெற்றது. மனிதர் அதைப் பிறருக்குச் செய்து விற்கவில்லை. தம் கடைகளோடு நிறுத்திக்கொண்டார். 1901-ல் மிலான்காரர் லூயிஜி பெஸ்ஸெரா, கோப்பை கோப்பையாக இறக்கும் இயந்திரத்துக்கு உரிமை கோரினார். அந்த உரிமையை வாங்கிய பவோனி அதை ஊரெங்கும் பரப்பினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கில்லே காஜ்ஜியா நெம்புகோலால் அழுத்தத்தைக் கூட்டினார். காப்பியின் மேல் பொன்னிற ஏடு படிந்தது.

இம்மூவர் பெயரும் இன்றும் இயந்திரங்களின் நெற்றியில் இருக்கின்றன. துறவியின் அங்கிக்குக்கூடக் கோப்பையில் இடம் கிடைத்துவிட்டது. மோரியோண்டோவை எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதியதை யாருக்கும் காட்டாமல் பெட்டியில் பூட்டிவைத்த எழுத்தாள நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதினேன்.