ஜெர்மானியக் கூர்முனைத் தலைக்கவசம்

உச்சியில் உலோகக் கூர்முனை பொருத்திய, பதப்படுத்தித் திண்மையாக்கிய தோலால் ஆன படைத்தலைக்கவசம். ஜெர்மன் மொழியில் ‘பிக்கல்ஹாவ்பெ’. பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் 1842 அக்டோபரில் பிறப்பித்த ஆணையால் படைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்யாவிலும் இத்தகைய கவசம் உருவானது. யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பிரஷ்யாவின் கை ஓங்க ஓங்க, மற்ற ஜெர்மன் அரசுகளும் இதை ஏற்றன. கடைசிவரை தனக்கென வேறு கவசம் வைத்திருந்த பவேரியாவும் 1886இல் இதற்கு மாறியது.

பழைய கவசம் ஒன்றின் காலத்தைக் கணிக்க முதலில் பார்க்க வேண்டியது அதன் உருவம். 1842இன் கவசம் மிக உயரமானது, கனமானது. 1857, 1860, 1867 எனத் திருத்தங்கள் வரவர அது தாழ்ந்தது. பிரஷ்யக் காலாட்படை வீரனின் கவசத்தில் சதுர முன்விளிம்பும் கூர்முனைக்கு அடியில் சிலுவை வடிவ அடித்தட்டும் இருந்தால் அது 1867க்கு முந்தியது. அதன்பின் விளிம்பு வளைந்தது, அடித்தட்டு வட்டமானது. ஆனால் டிராகூன் குதிரைப்படையினர் பழைய அமைப்பை விடவில்லை. எனவே எந்தப் படைப்பிரிவு என்று அறியாமல் ஆண்டைச் சொல்வது ஆபத்து. பக்கத்துக்கு ஒன்றாக அமையும் நிறவட்டங்களும் உதவும்: 1897 முதல் வலப்பக்கம் ஜெர்மன் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டம், இடப்பக்கம் அந்தந்த அரசின் வட்டம். பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம், சாக்சனிக்கு வெள்ளை-பச்சை.

முகப்பில் உள்ள இலச்சினைதான் கவசத்தின் ஊரைச் சொல்வது. பிரஷ்யாவுக்குக் கழுகு, பாடனுக்குக் கிரிபின் என்னும் கழுகுத்தலைச் சிங்கம், சாக்சனிக்கு விண்மீன்மேல் அரசச் சின்னம், பவேரியாவுக்குச் சிங்கங்கள் தாங்கும் கேடயம். சில படைப்பிரிவுகளுக்குத் தனிச் சிறப்பும் உண்டு. பிரவுன்ஷ்வைக்கின் 92ஆம் காலாட்படைப் பிரிவு மண்டையோட்டுச் சின்னத்தோடு, நெப்போலியனுக்கு எதிரான ஸ்பெயின் போரை நினைவூட்டும் ‘பெனின்சுலா’ பட்டையையும் அணிந்தது. இத்தகைய அரிய சின்னங்கள் விலையைப் பன்மடங்கு ஏற்றும். போலிகள் குவிவதும் இவற்றைச் சுற்றித்தான். பீரங்கிப் படையினருக்குக் கூர்முனைக்குப் பதில் உருண்டை. பவேரியப் பீரங்கிப் படை மட்டும் 1916வரை கூர்முனையையே வைத்துக்கொண்டது.

சிப்பாயின் கவசம் அரசுக் கிடங்கிலிருந்து வந்தது. அதிகாரி தன் காசில் வாங்கினார். கவசத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். சிப்பாயுடையதில் விரல்விரலாக வெட்டிய தோல் உள்ளுறை. பின்விளிம்பின் அடியில் கிடங்கு, படைப்பிரிவு, ஆண்டு, அளவு ஆகியவற்றின் முத்திரைகள். அதிகாரியுடையதில் பட்டு உள்ளுறை, முன்விளிம்பின் அடியில் பச்சைத் தோல், பின்விளிம்பில் சிவப்பு, பொன்முலாம் பூசிய பொருத்துகள், அடித்தட்டில் விண்மீன் வடிவக் குமிழ்கள்.

மின்னும் பித்தளை களத்தில் வீரனைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் 1892இல் துணியுறை வந்தது. அதன் முன்புறத்துப் படைப்பிரிவு எண் முதலில் சிவப்பு. 1914இல் முதல் உலகப்போர் தொடங்கியதும் பச்சை ஆனது. கடல் முற்றுகையால் தோலுக்குத் தட்டுப்பாடு வர, கம்பளிக்கூழ், தகரம், கெட்டிநார் ஆகியவற்றாலும் கவசம் செய்தார்கள். 1915இன் மாதிரியில் பொருத்துகள் சாம்பல் நிறமாயின, கூர்முனை கழற்றக்கூடியதாயிற்று. எந்தப் பொருளில் செய்தாலும் வெடிகுண்டுச் சிதறலைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை. எத்தனையோ இளைஞர்கள் தலைக்காயத்தால் மாண்டபின், 1916இல் எஃகுக் கவசம் அந்த இடத்தைப் பிடித்தது.

போர் முடிந்ததும் கைப்பற்றிய கவசங்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா சேர்ந்தன. 1919இல் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக நியூயார்க்கில் அவற்றைப் பிரமிடாக அடுக்கிக் காட்டினார்கள். அமெரிக்க வீட்டுப் பரண்களிலிருந்து இன்றும் அசல்கள் கிடைப்பதற்கு வீரர்கள் கொண்டுவந்த நினைவுப்பொருள்களும் காரணம்.

மதிப்பீட்டின் அடிப்படை ஒன்றே: எல்லா உறுப்புகளும் பிறந்தது முதல் ஒன்றாக இருந்தனவா? முற்றிலும் நகலாகச் செய்தவற்றைத் தோலின் புதுமையும் அச்சின் மழுங்கலும் பெரும்பாலும் காட்டிவிடும். அசல் உறுப்புகளையே வெவ்வேறு கவசங்களிலிருந்து எடுத்துச் சேர்த்ததைக் கண்டறிவதுதான் கடினம். இலச்சினையைக் கழற்றினால் அடியில் தோலின் நிறம் அதே வடிவில் மாறியிருக்க வேண்டும். அங்கே பயனில்லாத பழைய துளைகள் தெரிந்தால் இலச்சினை மாற்றப்பட்டது. தாடைப்பட்டையோ நிறவட்டமோ இல்லாத கவசத்துக்கு வேறொன்றைத் தேடிப் பொருத்துவதைவிட, குறையோடு விடுவதே நல்லது. குறை விலையைக் குறைக்கும், ஒட்டுவேலை சான்றையே அழிக்கும். பித்தளையைப் பளபளக்கத் தேய்ப்பதும், வெடித்த அரக்குப்பூச்சின்மேல் புதிதாகப் பூசுவதும் அப்படியே. ஒரு காலத்தில் மட்டமான மாற்றுப்பொருள் என்று கழித்த கம்பளிக்கூழ்க் கவசங்களில் பூச்சியரிப்புக்குத் தப்பியவை குறைவு. தெளிவான முத்திரையோடு ஒன்று வந்தால், சேகரிப்பாளர்கள் விடாமல் போட்டியிடுகிறார்கள்.