ஈரோட்டில் பிறந்த மேதையின் கணக்கில் கிடைத்த 26 இலக்கப் பகா எண்

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். 2, 3, 5, 7, 11 என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கொங்கு மண்ணோடு தொடர்புள்ள ஒரு பெரிய பகா எண்ணை இங்கு பார்ப்போம்:

80561663527802406257321747

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். 1916ல் வெளியான கட்டுரை ஒன்றில் அவர் ஓர் எண் வரிசையை ஆராய்ந்தார். முடிவில்லாப் பெருக்கற்கோவை ஒன்றை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் வரும் கெழுக்கள் அவை: 1, -24, 252, -1472, 4830, -6048... இவற்றை 'டௌ' மதிப்புகள் என்பர். இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது வருகிறது: -24 × 252 = -6048. பொதுக் காரணி இல்லாத எந்த இரு இடங்களுக்கும் இது பொருந்தும் என்று இராமானுஜன் கணித்தார். 1917ல் மோர்டெல் அதை நிரூபித்தார்.

மதிப்புகள் இப்படிப் பெருக்கலால் உருவாவதால், இவ்வரிசையில் பகா எண் கிடைப்பது மிக அரிது. ஒற்றை மதிப்புகளோ 9, 25, 49 போன்ற ஒற்றை வர்க்க இடங்களில் மட்டுமே வரும். அமெரிக்கக் கணிதவியலாளர் டி.எச். லேமர் தேடிச் சென்று, 63001ஆம் இடத்தில், அதாவது 251 × 251ல், முதல் பகா எண் இருப்பதை 1965ல் அறிவித்தார். அங்கே அது குறைக்குறியுடன் வருகிறது. குறியை நீக்கினால் மேலே உள்ள எண்.

இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 107. ஆகவே 3ஆல் வகுபடாது. கடைசி இரு இலக்கமான 47ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. எனவே இதை இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது.

இது பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் சுமார் 9 லட்சம் கோடி வரை போக வேண்டும். வினாடிக்கு ஒரு வகுத்தல் என்றாலும் இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பஸராவில் பிறந்த அறிஞர் இப்னு ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பகா எண்ணின் ஓர் அடையாளத்தை அறிந்திருந்தார். 5ஐ எடுத்துக்கொண்டால், அதற்கு முந்தைய எண்களின் பெருக்கல் 1 × 2 × 3 × 4 = 24. ஒன்றைக் கூட்டினால் 25, அது 5ஆல் வகுபடும். ஆனால் பெரிய எண்ணுக்கு இந்தப் பெருக்கலும் முடியாத வேலை. வகுத்துப் பார்க்காமலே எந்த எண்ணையும் விரைவாகவும் ஐயமறவும் சோதிக்கும் பொது வழியை 2002ல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் நிறுவினர்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. இணையத்தில் ரகசியத் தகவல்களைப் பூட்டும் ஆர்எஸ்ஏ முறை, நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்களைப் பெருக்கித்தான் சாவி தயாரிக்கிறது. பெருக்குவது எளிது, பிரிப்பது மிகக் கடினம்.

"பகா எண் என்று எப்படித் தெரியும்?" என்று பிள்ளை கேட்டால், புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம். 251ஐக் கொடுத்து 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுக்கச் சொல்வோம். 17 × 17 என்பது 289 ஆகி 251ஐத் தாண்டிவிடுவதால் இந்த ஆறு வகுத்தலே போதும். அதைச் செய்து முடிக்கும் பிள்ளைக்கு, நிரூபணம் என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.