புயல்பாய் விதியும் கைப்பழக்கமும்: அமெச்சூர் கடற்பந்தயங்களின் பாதுகாப்பு குறித்து

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்காக இங்கிலாந்தின் கௌஸிலிருந்து 303 பாய்மரப் படகுகள் புறப்பட்டன. அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி பிளிமத் வந்துசேர வேண்டியிருந்தது. வழியில் அடித்த புயலில் பந்தய வீரர்கள் 15 பேர் மாண்டனர். பந்தயத்தை முடித்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான படகுகளே. ஆட்கள் கைவிட்டு இறங்கிய 24 படகுகளில் 5 மட்டுமே மூழ்கின. மற்ற 19 பின்னர் மீட்கப்பட்டன. இறந்தோரில் 7 பேரின் சாவு உயிர்காப்பு மிதவைகளோடு தொடர்புடையது. தாக்குப்பிடிக்கக்கூடிய படகை விட்டு மிதவைக்கு மாறியவர்களும் உயிரிழந்தனர் என்பதே இதன் கொடிய பாடம்.

அதன்பின் கருவி விதிகள் வெகுவாக வளர்ந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் படகில் என்ன இருக்கிறது என்பதையே சோதிக்கின்றன. அதைப் பயன்படுத்தும் திறனையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாய்மரப் படகோட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் செயிலிங்கின் சிறப்பு விதிகள் நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்குப் புயல் முன்பாயையும், முதன்மைப் பாய்க்கு மாற்றான டிரைசெயிலையும் கட்டாயமாக்குகின்றன. முன்பாயின் பரப்பு, பாய்மரத்துக்கு முன்னுள்ள பாய் முக்கோணத்தின் உயரத்தை வர்க்கமாக்கி வரும் எண்ணில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அந்த உயரம் 12 மீட்டரானால் பாய் 7.2 சதுர மீட்டருக்குள் அடங்க வேண்டும். டிரைசெயிலுக்கு, முதன்மைப் பாயின் உயரத்தையும் அடி நீளத்தையும் பெருக்கிவரும் தொகையில் 17.5 விழுக்காடு வரம்பு. 12 மீட்டர் உயரமும் 4 மீட்டர் அடியும் உள்ள பாய்க்கு அது 8.4 சதுர மீட்டர்.

இந்த விதிகளுக்கு வலுவான காரணங்கள் உண்டு. பந்தயப் படகுகளில் முன்பாயின் விளிம்பு, முன்கயிற்றைச் சுற்றிய காடிக்குள் செருகப்படுகிறது. பாயை இறக்கும்போது விளிம்பு காடியைவிட்டு முழுவதுமாகக் கழன்றுவிடும். பிடித்துவைக்க ஏதுமில்லாத துணியைக் காற்று கடலுக்குள் இழுத்துவிடும். அதனால்தான் புயல் முன்பாயை முன்கயிற்றோடு பிணைக்க வேறொரு வழியும் இருக்க வேண்டும் என்கிறது விதி. டிரைசெயில், முதன்மைப் பாயின் அடியைத் தாங்கும் பூம் கட்டையைச் சாராமல் இயங்க வேண்டும் என்பதும் அப்படியே: கட்டை முறிந்தாலும் படகுக்குப் பாய் இருக்கும்.

ஆனால் அந்த டிரைசெயிலை ஏற்றும் வேலையைப் பாருங்கள். முதன்மைப் பாயை இறக்கிக் கட்ட வேண்டும். பூம் கட்டையைத் தளத்தோடு பிணைக்க வேண்டும். பாயின் நழுவிகளைப் பாய்மரத் தடத்தில் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். இரு கயிறுகளைப் பின்புறம் கொண்டுசென்று கட்ட வேண்டும். இவ்வளவையும் இருட்டில், அலை தளத்தைக் கழுவும்போது, பாதுகாப்புப் பட்டையோடு செய்ய வேண்டும். வார இறுதிகளில் மட்டும் ஒன்றுகூடும் அமெச்சூர் குழுவுக்கு, டிரைசெயில் வைத்திருக்கும் பை முதன்முறையாகப் புயலில் அவிழ்க்கப்படுவது பேராபத்து.

முதன்மைப் பாயையே மிகக் குறுக்கிக் கட்டினால் போதுமே, டிரைசெயில் எதற்கு என்பார் உண்டு. அதைக் கையாள்வது எளிது என்பது உண்மைதான். ஆனால் பாய் கிழிந்தாலோ பூம் முறிந்தாலோ அந்த வழி அடைபடுகிறது. எனவே டிரைசெயிலைக் கைவிடுவதைவிட அதை ஏற்றப் பழகுவதே அறிவுடைமை.

விதிகளும் இத்திசையில் நகரத் தொடங்கியுள்ளன. ஃபாஸ்ட்நெட்டில் படகுகள் தொடக்கத்துக்கு முன் புயல்பாய்களை ஏற்றிக்காட்டிக் கடக்க வேண்டும். 6 பேரைப் பலிகொண்ட 1998 சிட்னி–ஹோபார்ட் பந்தயத்துக்குப் பின், பாஸ் நீரிணைக்குள் நுழையுமுன் கிரீன் கேப் அருகே படகும் ஆட்களும் தகுதியாக உள்ளதை வானொலியில் உறுதிசெய்யும் முறை வந்தது. இரண்டுமே மனிதரின் ஆயத்தத்தைக் கேட்பவை.

அடுத்த படியாக, அமைதியான நீரில் முழுக்குழுவும் கூடி ஏற்றிக்காட்டுவதோடு நிறுத்தக்கூடாது. தகுதிச் சோதனையின் பகுதியாக, திறந்த கடலில், இரவில், ஒரு காவல் முறையில் பணியில் நிற்கும் ஆட்கள் மட்டுமே அதைச் செய்துகாட்ட வேண்டும். விதிகளால் செலவு கூடிச் சிறு படகுகள் ஒதுங்கிவிடும் என்ற நியாயமான அச்சம் இங்கே எழாது. புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. விலைகொடுத்து வாங்கிய பாதுகாப்பைக் கைக்கு எட்டச் செய்வது பந்தயம் நடத்துவோரின் கடமை.