வழிப்போக்கர் மனைகளும் அவற்றைக் காக்கும் கடனும்

பசித்து வந்தாரை உண்பித்தலும், நடந்து இளைத்தாரை உறங்குவித்தலும் நம் முன்னோர் தலையாய அறமெனக் கொண்டவை. ஆபுத்திரன் மதுரைச் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, இரந்து பெற்ற சோற்றைக் குருடர் முடவர் முதலாயினார்க்கு ஊட்டி, எஞ்சியதைத் தானுண்டு, அவ்வோட்டையே தலையணையாகக் கொண்டு துயின்ற வரலாற்றை மணிமேகலையில் காண்கிறோம்.

‘சத்ரம்’ என்னும் வடசொல் முதற்கண் நெடுநாள் வேள்வியையும், பின்னர் அன்னசாலையையும் குறித்தது. அதுவே தமிழிற் சத்திரமாயிற்று. சத்திரத்தில் உணவும் உறைவிடமும் கிடைக்கும். சாவடியோ நிழலும் திண்ணையும் மட்டுமே தரும்.

மதுரையை 1689 முதல் பேரனுக்காக ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழெய்தினார். அவர் பெயரால் வழங்கும் சத்திரம் மதுரை இரயில் நிலையத்தின் எதிரே உள்ளது. அவர் காலத்ததெனக் கூறப்படும் தமுக்கம் அரண்மனை, பிற்காலத்தில் ஆங்கில அதிகாரிகளின் உறைவிடமாயிருந்து, 1959-இல் பண்டித நேருவால் காந்தி நினைவுக் காட்சிச்சாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. அரசர் மனைக்கு வாய்த்த இப்பேறு வழிப்போக்கர் மனைகளுக்கும் வாய்த்தல் வேண்டாமா?

1875-இல் மதுரைக்கு இரயில் வந்தது. பின்னர்ப் பேருந்தும் வந்தது. பல நாள் நடைப்பயணம் சில நாழிகைப் பயணமாகச் சுருங்கவே, சத்திரங்களின் தேவையும் சுருங்கிற்று. திருப்பரங்குன்றத்தில் பல குலத்தாரும் அடியார் தங்குதற்கு மண்டபங்கள் எழுப்பினர். இத்தகைய பழங்கட்டடங்களை இடித்துக் கலியாண மண்டபமாக்கும் எண்ணம் இன்று எங்கும் பெருகுகின்றது.

கட்டடம் நிலைத்தால் மட்டும் போதுமோ? தஞ்சைச் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் எக்குலத்து வழிப்போக்கர்க்கும் உணவுண்டென்றும், வெந்த சோறு கொள்ளாதார்க்கு அரிசி முதலியன அளக்கப்படுமென்றும் தெரிவித்தார். அக்கடிதம் எஞ்சியதாலன்றோ அவ்வறத்தின் இயல்பை நாம் அறிகின்றோம்? சுவர் அறத்தின் உடல். ஏடே அதன் உயிர்.

ஆதலின் அன்பர்களே! நம்மவர் மண்டபம் எதுவாயினும், அதனைப் புதுக்குமுன் ஓர் அறையையேனும் காட்சிச்சாலையாக ஒதுக்குமின். கல்வெட்டு, ஆட்டுக்கல், அண்டா, படி மரக்கால், கணக்கோலை, தருமசாசனம் ஆகியவற்றை அதில் வையுங்கள். வழியிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட சுமைதாங்கிக் கல் கிடைப்பின் அதனையும் கொணர்ந்து நிறுத்துங்கள். சூல் கொண்டு இறந்த பெண்டிர் நினைவாக அவை பல நடப்பட்டன என்பதை நம் மகளிர் அறிதல் நன்று. கணக்கில் இன்னார்க்கே இடமென்னும் விலக்கு எழுதப்பட்டிருப்பின், அதனையும் மறையாது காட்டுக. முன்னோர் ஈகையை மட்டும் சொல்லி அவர்தம் குறையை விடுத்தல் வரலாறாகாது.

மூத்தோர் உள்ளபோதே கேட்டு எழுதுவோமாக. அவர் மறைந்தபின் அண்டா வெறும் பித்தளையாகிவிடும்.