ஓய்வுநேர, தீவிர ஆட்டக்காரர் சமநிலை

ஓய்வுநேர, தீவிர ஆட்டக்காரர் சமநிலை என்பது, சிறிது நேரமே விளையாடுவோரும் நாளின் பெரும்பகுதியைச் செலவிடுவோரும் ஒரே இணையவழிப் பல்பயனர் ஆட்டத்தில் நிறைவு பெறும் வகையில் அதன் விதிகளை அமைப்பதைக் குறிக்கும். முன்னவர் கேஷுவல் என்றும் பின்னவர் ஹார்ட்கோர் என்றும் அழைக்கப்படுவர். தனியாள் நிகழ்பட ஆட்டங்களில் ஒருவரின் வேகம் மற்றவரைப் பாதிப்பதில்லை. பல்பயனர் ஆட்டங்களில் அனைவரும் ஒரே உலகில் உலவுவதால், ஒரு சாராருக்கு அளிக்கப்படும் சலுகை மறுசாராரின் உழைப்பின் மதிப்பைக் குறைக்கக்கூடும். பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் நவம்பர் 2004இல் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

சிக்கலின் தன்மை

இவ்விரு பிரிவினரையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் நேரமே. பணி முடிந்து மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவர் மிகுந்த திறமை உடையவராக இருக்கலாம். ஆயினும் வாரத்தில் பல இரவுகள் குறித்த நேரத்தில் கூடும் குழுவில் அவர் இடம்பெறுவது கடினம். மாதச் சந்தாவில் இயங்கும் ஆட்டத்திற்கு ஓய்வுநேர ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும், தீவிர ஆட்டக்காரர்கள் கட்டிக்காக்கும் குழுக்களும் ஒருங்கே தேவைப்படுகின்றன.

தொடக்ககாலத் தீர்வுகள்

1999இல் வெளிவந்த எவர்குவெஸ்ட் ஆட்டத்தில் பாத்திரம் இறந்தால் அனுபவப் புள்ளிகள் இழக்கப்பட்டன. உடைமைகளை மீட்க உடல் கிடக்கும் இடத்திற்குத் திரும்பிச் செல்ல வேண்டியிருந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இறப்பினால் அனுபவப் புள்ளிகள் குறைவதில்லை.

இவ்வாட்டத்தில் இளைப்பாறல் வெகுமதி என்னும் முறையும் அறிமுகமானது. விடுதியிலோ நகரத்திலோ விளையாட்டை நிறுத்திச் சென்றவரின் பாத்திரத்திற்கு, 8 மணி நேரத்திற்கு ஒரு நிலையின் 5% என்ற அளவில் வெகுமதி சேரும். அது தீரும் வரை எதிரிகளை வீழ்த்துவதற்கு இரு மடங்கு புள்ளிகள் கிடைக்கும். சோதனைப் பதிப்பில் இது வேறு வடிவில் இருந்தது: நீண்ட நேரம் விளையாடுவோரின் புள்ளிகள் பாதியாகக் குறைக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள் இதனைத் தண்டனையாகக் கருதி எதிர்த்தனர். பின்னர் குறைந்த அளவே இயல்பான அளவு என்றும், முழு அளவு ஓய்வுக்கான வெகுமதி என்றும் மாற்றி அமைக்கப்பட்டபோது எதிர்ப்பு அடங்கியது.

ரெய்டுகள்

இளைப்பாறல் வெகுமதி உச்ச நிலையை எட்டும் வரை மட்டுமே பயன்படும். தொடக்கத்தில் அந்நிலை 60 ஆகும். அதன்பின் சிறந்த கருவிகளைப் பெற, ரெய்டு எனப்படும் கூட்டுத் தாக்குதல்களில் பங்கேற்க வேண்டியிருந்தது. பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வரை ஒரே நேரத்தில் கூடினர். 2006இல் வெளிவந்த நக்ஸ்ராமஸ் என்னும் பகுதியை, அடுத்த விரிவாக்கம் வருவதற்குள் மிகச் சிலரே முடித்தனர். பெரும் உழைப்பில் உருவான ஒரு பகுதியைப் பெரும்பாலான சந்தாதாரர்கள் காணவே இல்லை.

சனவரி 2007இல் வந்த த பர்னிங் குருசேட் விரிவாக்கம் புதிய ரெய்டுகளின் உச்ச எண்ணிக்கையை 25 ஆகக் குறைத்தது. நவம்பர் 2008இல் ராத் ஆஃப் த லிச் கிங் விரிவாக்கத்தில் நக்ஸ்ராமஸ் 10 பேருக்கும் 25 பேருக்குமாக மீண்டும் வடிவமைக்கப்பட்டது. சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 இலட்சத்தைக் கடந்ததாக நிறுவனம் அக்டோபர் 2010இல் அறிவித்தது. நவம்பர் 2011இல், முன்பின் அறியாத 25 பேரை வெவ்வேறு வழங்கிகளிலிருந்து தானாகவே திரட்டும் ரெய்டு ஃபைண்டர் வசதி சேர்க்கப்பட்டது.

விமர்சனங்கள்

ரெய்டு ஃபைண்டர் வசதியால், குழு எதிலும் சேராதவரும் கதையின் இறுதிப் பகுதிகளைக் காண முடிந்தது. எனினும், முன்பு ஒரே வழங்கியில் இருந்தோர் ஒருவரையொருவர் பெயரால் அறிந்திருந்தனர். தவறாக நடப்பவருக்கு அடுத்த குழுவில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்நியர்கள் கூடிக் கலையும் முறையில் இப்பழக்கமும் பொறுப்புணர்வும் தளர்ந்தன என்பது தீவிர ஆட்டக்காரர்களின் குறையாகும்.

பிற்கால மாற்றங்கள்

2014 முதல் ஒரே ரெய்டு நான்கு கடின நிலைகளில் வழங்கப்பட்டது. இடைப்பட்ட இரு நிலைகளில் 10 முதல் 30 பேர் வரை பங்கேற்கலாம். மிதிக் எனப்படும் உச்ச நிலைக்கு 20 பேர் என வரையறுக்கப்பட்டது. ஆகஸ்ட் 2019இல் பழைய விதிகளுடன், ரெய்டு ஃபைண்டர் வசதியின்றி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் தனி ஆட்டமாக வெளியானது. ஆகஸ்ட் 2023இல், ஒருமுறை இறந்த பாத்திரம் மீண்டும் உயிர்பெறாத ஹார்ட்கோர் வழங்கிகள் அதில் திறக்கப்பட்டன.